மனசு மறுத்துப் பேசாத வாக்கியம்: தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை வேலைக்கு ஆக்கும் முறை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தங்கியிருக்கும் அறைக்குள் போனால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "நான் வெற்றி பெறுவேன்." ஒட்டின வாரம் அது கண்ணில் படும். அப்புறம் பழைய காலண்டர் மாதிரி சுவரோடு சேர்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. சிலருக்கு அந்த வரி எதிர்வேலை செய்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து இன்னொரு குரல், "ஆமா, கிழிச்ச" என்கிறது. போன தடவை எடுத்த மார்க்கையும் அதுவே ஞாபகப்படுத்துகிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் "நான் அன்புக்கு உரிய ஆள்" என்று மனசுக்குள் சொல்லச் சொன்னார்கள். தன்மேல் ஏற்கெனவே நல்ல எண்ணம் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கூடியது. தன்னைத் தாழ்வாக நினைத்திருந்தவர்களோ, அப்படி எதுவும் சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்காக அந்த வரி எழுதப்பட்டதோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே புகழ்ச்சி வாக்கியங்களை இங்கே சொல்லித்தரப் போவதில்லை. நமக்கு வேண்டியது மனசு மறுத்துப் பேசாத வாக்கியம். சொன்ன மாத்திரத்தில் கையோ காலோ வாயோ ஒரு வேலையைத் தொடங்க வைக்கும் வாக்கியம்.

முதல் 5 நாள்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஏற்கெனவே உள்ளே என்ன பேச்சு ஓடுகிறது என்று தெரியாமல் புதுப் பேச்சைப் புகுத்த முடியாது. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று போதும். போனில் குரல் பதிவு செய்தாலும் சரி. மனசு சுருங்கும்போதெல்லாம் மூன்று விஷயம் எழுதுங்கள்: எங்கே இருந்தீர்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது. மூன்றாவதை வார்த்தை மாறாமல் எழுத வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். "எனக்குத் தன்னம்பிக்கை குறைவாக உள்ளது" என்று நோட்டில் இருக்கும். யார் மனசும் அப்படிப் பேசாது. "இதெல்லாம் படிச்சவங்க வேல, ஒனக்கு எதுக்கு", "எந்த நேரத்துல பொறந்தனோ", "அத்தை பையன் இந்நேரம் வேலைக்கே போயிட்டான்" என்றுதான் பேசும். பேச்சு வழக்கிலேயே எழுதினால் இன்னொன்றும் வெளியே வரும்: அந்தக் குரல் பல சமயம் நம்முடையதாகவே இருக்காது. எட்டாம் வகுப்பு வாத்தியார், சித்தப்பா, முதல் வேலையில் இருந்த முதலாளி என்று யாருடைய ஏற்ற இறக்கமோ அப்படியே இருக்கும். தெரிந்தால் பக்கத்தில் அந்த ஆளைக் குறித்துவையுங்கள். அதற்குமேல் ஆராய வேண்டாம்.

ஐந்தாம் நாள் இரவு நோட்டைப் படித்து, ஒவ்வொரு வரியும் எந்த வகை என்று பாருங்கள். "நான் மக்கு" என்பது தீர்ப்பு. "போனா திட்டுதான் வாங்குவேன்" என்பது ஜோசியம். அத்தை பையன் கதை ஒப்பீடு. இந்த மூன்றையும்தான் மாற்றப் போகிறோம். நாலாவதாக ஒன்று உண்டு, அதைத் தொடவே கூடாது: தகவல். "நெல்லு ஈரமா இருக்கு, எடுக்க மாட்டாங்க" என்பது கெட்ட எண்ணம் இல்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். அதற்கு மேல் இருந்தால் களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று பத்து முறை சொன்னாலும் மூட்டையில் ஈரம் குறையாது. நல்லதையே நினை என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் அடக்குகிறவர்கள் இந்த நாலாவது வகையையும் சேர்த்து அடக்கிவிடுகிறார்கள். அதில் வரும் நஷ்டம் நிஜமானது.

வாக்கியம் கட்டுவது

நோட்டில் அதிக முறை வந்த ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டாம்.

அதற்குப் பதிலாகத் தோன்றும் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்த கையோடு உள்ளே "ஆனா..." என்று ஒன்று கிளம்புகிறதா? கிளம்பினால் வாக்கியம் பெரிது, குறைக்க வேண்டும். உதாரணத்துக்கு, மகளிர் சுய உதவிக் குழுவின் சார்பில் வங்கி மேலாளரிடம் கடன் பற்றிப் பேசப் போகும் ஒருவர். "நான் தைரியமா பேசுவேன்." ஆனா, போன தடவை நாக்கு ஒட்டிக்கிட்டுதே. "நான் ஓரளவு பேசுவேன்." ஆனா, அவர் இங்கிலீஷ்ல கேட்டா? "குழு பேரு, எவ்வளவு தொகை, எதுக்குன்னு மூணும் சொல்லிடுவேன்." இப்போது உள்ளே சத்தம் இல்லை. மூன்றும் அவருக்குத் தெரியும், நோட்டிலும் இருக்கிறது. இதுதான் சரியான அளவு. இன்னும் இறங்கி "உள்ள போயி உட்காருவேன்" வரை வந்தாலும் தவறில்லை. அதிகமாகப் பயப்படுகிறவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அடுத்து, வாக்கியத்தில் "கூடாது", "மாட்டேன்" போன்ற வார்த்தை இருந்தால் எடுத்துவிடுங்கள். "பதறக் கூடாது" என்று சொன்னால், பதறுகிறோமா என்று மனசு அடிக்கடி எட்டிப் பார்க்கும். அதிலேயே பதற்றம் ஏறும். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்: "மெதுவா மூச்ச விட்டுட்டு, மொதல் வரி." நீளம் ஒரே மூச்சில் அடங்க வேண்டும், ஐந்தாறு வார்த்தை. அவரவர் வீட்டுப் பேச்சிலேயே இருக்கட்டும். மேடைத் தமிழில் எழுதினால் அவசரத்தில் வாயில் வராது.

கண் படும் என்ற பயமும் டெல்டா வீடுகளில் உண்டு. நம்மை நாமே நல்லபடியாகச் சொல்லிக்கொண்டால் திருஷ்டி, "வாய வச்சிடாத" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. மேலே சொன்னபடி கட்டிய வாக்கியத்தில் பெருமை எதுவும் இல்லை, வேலை மட்டும்தான் இருக்கிறது. பாட்டி காதில் விழுந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தவில் பாடத்தில் இருக்கும் ரகசியம்

தவில் கற்றுக்கொள்கிறவர் முதலில் வாத்தியத்தைத் தொடுவதில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்கிறார். மூன்றுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. வாய் தடுமாறாமல் சொல்ல வந்த பிறகுதான் கைக்குப் போகிறது. கை சிக்கினால் மறுபடி வாய்க்கு. அங்கே யாரும் "நான் பெரிய வித்வான் ஆவேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அடுத்த அடி எது என்று சொல்கிறார்கள்.

விளையாட்டு வீரர்களிடம் ஆய்வு செய்தவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். கிரேக்க ஆய்வாளர் அந்தோனிஸ் ஹாட்சிகியோர்கியாதிஸ் குழு 2011-ல் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தனக்குத்தானே பேசுவது ஆட்டத்தை மேம்படுத்தியது. நுணுக்கமான கைவேலை உள்ள இடங்களில் ஊக்க வார்த்தையைவிடச் செய்முறை வார்த்தைக்கு அதிகப் பலன் இருந்தது. காரணம் எளிது. மனசின் கவனம் கொஞ்சம்தான். அதை "கண்ணு எங்க, கை எங்க" என்பதில் செலவழித்துவிட்டால் பயத்துக்கு மிச்சம் இருப்பது குறைவு.

இரு சக்கர லைசென்சுக்கு 8 போடும்போது இதை அப்படியே பயன்படுத்தலாம். அங்கே கால் ஊன்றுகிறவர்களில் பலர் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. முன்சக்கரத்தையே பார்க்கிறார்கள், கண் கீழே போனால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் வண்டி சாயும், கால் தானாக இறங்கும். ஆகவே சொல்ல வேண்டியது "பாஸ் ஆயிடுவேன்" இல்லை. "பார்வை அடுத்த வளைவு, ஆக்சிலேட்டர் ஒரே அளவு." ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை, ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொல்லலாம். யாருக்கும் கேட்காது.

பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈத்தன் க்ராஸ் குழு 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், மேடைப் பேச்சுக்கு முன் "நான்" என்று யோசித்தவர்களைவிட, தன் பேரையோ "நீ" என்பதையோ சொல்லி யோசித்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பேச்சும் மேலாக வந்தது. இன்னொருவரின் கஷ்டத்துக்கு யோசனை சொல்லும்போது நமக்கு வரும் தெளிவு, நம் கஷ்டத்துக்கும் கிடைக்கிறது. நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவது தமிழ்ப் பாட்டில் எத்தனையோ காலமாக இருப்பதால், நம் ஆட்களுக்கு இது விசித்திரமாகத் தெரியாது.

எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். "டேய் முருகேசா" என்றால் பல வீடுகளில் அடுத்து திட்டுதான் வரும், உடம்பு அதற்குத் தயாராகிவிடும். உங்கள் மேல் பிரியம் உள்ளவர் எப்படி அழைப்பாரோ அதையே எடுங்கள்: "செல்வி, மொதல் ரெண்டு வரி மட்டும் சொல்லு", "தம்பி, பேப்பர ஒரு தடவ பாரு." சிலருக்கு "நீங்க" பொருந்தும், மரியாதையே நிதானத்தைத் தரும். இரண்டையும் சொல்லிப் பார்த்து, தோள் தளரும் பக்கம் போங்கள்.

படபடப்பே வந்துவிட்டால் "அமைதியா இரு" என்று அடக்கப் பார்க்காதீர்கள். ஓடுகிற நெஞ்சை நிறுத்துவது கடினம், அதற்கு வேறு பெயர் கொடுப்பது சுலபம். ஹார்வர்டின் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் காட்டியது இது: பாடவோ பேசவோ கணக்குப் போடவோ போகும் முன் தனக்கு உற்சாகமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருப்பதாகச் சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். "நெஞ்சு ஓடுது, ஒடம்பு ரெடியாவுது" போதும்.

'ஆனா'வுக்கு முன்பே பதில்: இப்படி ஆனா, இதைச் செய்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்த முறை இது. எந்த நேரத்தில் தடுமாறுவோம் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நேரத்தையும் செய்ய வேண்டியதையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டுவிடுவது.

குரூப் 4-ல் 3 மணி நேரத்தில் 200 கேள்வி. ஒரு கேள்விக்குச் சராசரி 54 விநாடி. ஒரு கணக்கில் நாலு நிமிடம் மாட்டிக்கொண்டு, "ஐயோ நேரம் போச்சு" என்று அடுத்த பத்துக் கேள்வியைக் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கிறது. "ஒரு நிமிஷம் தாண்டினா, வட்டம் போட்டு அடுத்தது" என்று முன்பே கட்டிவைத்தால் அந்த இடத்தில் முடிவெடுக்கும் சுமை இல்லை. வட்டம் வினாத்தாளில்தான், விடைத்தாளில் இல்லை. மாதிரித் தேர்வு எழுதும் ஒவ்வொரு முறையும் இதையே வாயில் முணுமுணுத்துப் பழகுங்கள். தேர்வு அறையில் மட்டும் முதல் தடவை சொன்னால் வராது.

குறைதீர் கூட்டத்துக்கு ஒரு முழு ஏற்பாடு

மாதம் ஒரு முறை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம். வடிகால் வாய்க்கால் தூர்ந்துபோய் மழைக்கு சம்பா மூழ்குகிறது, அதைச் சொல்ல வேண்டும். வயலில் ஒரு மணி நேரம் இதையே விலாவாரியாகப் பேசுகிறவர் மைக் கைக்கு வந்ததும், "வணக்கம் அய்யா, அது வந்து..." என்று நிற்பார். அவருக்கான ஏற்பாடு இப்படி இருக்கலாம்.

முந்தின நாள் ஒரு தாளில் நாலு வரி: ஊர், வாய்க்காலின் பெயர், எத்தனை ஏக்கர் பாதிக்கிறது, என்ன கேட்கிறோம். பம்புசெட் பக்கம் நின்று அதை வாய்விட்டு மூன்று தடவை, அப்புறம் முணுமுணுப்பாக மூன்று தடவை, பிறகு உதடு அசையாமல் மூன்று தடவை சொல்ல வேண்டும். சத்தத்திலிருந்து மௌனத்துக்கு இறங்கும் இந்தப் படிகளை 1971-லேயே டொனால்ட் மைக்கன்பாம், அவசரக் குணமுள்ள குழந்தைகளைப் பழக்கப் பயன்படுத்தினார். பெரியவர்களுக்கும் ஒத்துவருகிறது. இதில் ஒரு தடவையாவது வரப்பில் வேகமாக நடந்து மூச்சு வாங்கும்போது சொல்லுங்கள். ஓய்வாகக் கட்டிலில் சாய்ந்து சொல்லிப் பழகியது, நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடத்தில் கை கொடுக்காது.

கூட்டத்தில் முன்னால் உள்ளவர் பேசும்போது: "தாளப் பாரு. ஊரு, வாய்க்கா, ஏக்கர், கோரிக்கை." மைக் வந்ததும்: "மூச்ச விடு, வணக்கம், ஊர் பேரு." அதிகாரி குறுக்கே கேட்டால் என்ன என்பதுதான் உண்மையான பயம், அதற்கும் ஒன்று: "குறுக்க கேட்டா, பதில் ஒரு வரி, அப்புறம் கோரிக்கைய இன்னொரு தடவ." உட்கார்ந்த பிறகு மனசு சும்மா இருக்காது, "இன்னும் நல்லா பேசியிருக்கலாம்" என்று குடையும். அதற்கு: "நாலுல எத்தன சொன்னேன்?" மூன்று சொல்லியிருந்தால் மூன்று. மனுவை எழுத்தில் கொடுத்திருந்தால் விட்டுப்போன நாலாவதும் அதில் இருக்கும்.

வீட்டில் வாய்விட்டுப் பேச இடம் ஏது என்று கேட்கலாம். கூட்டுக் குடும்பத்தில் தனியாகப் பேசினால் "யார்கிட்ட பேசுற?" என்று மூன்று பேர் வருவார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடங்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

108 தடவை எண்ணிச் சொல்வது நாமஜெபத்துக்குப் பொருத்தம், இங்கே வேண்டாம். ஒரே வார்த்தையைத் தொடர்ந்து சொன்னால் சற்று நேரத்தில் பொருள் கழன்று வெறும் ஓசையாகிவிடும். பழகும்போது ஒரு வேளைக்கு மேலே சொன்ன ஒன்பது தடவை, காரியத்துக்கு முன் மூன்று தடவை. அவ்வளவுதான்.

கெட்டது நடந்த பிறகு

தோல்விக்கு முன் பேசுவதைவிடத் தோற்ற பிறகு பேசுவது சிரமம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அப்படி ஒரு காலையில் "எல்லாம் நன்மைக்கே" என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அப்படித்தான். இங்கே வேண்டியது ஆறுதல் வரி இல்லை, கணக்கு. என்ன போச்சு என்று ஒரு வரி. அதில் என் கையில் இருந்தது எவ்வளவு என்று ஒரு வரி. இன்றைக்கு சாயங்காலத்துக்குள் செய்ய வேண்டிய ஒரே வேலை என்ன என்று ஒரு வரி. "மூணு ஏக்கர் மூழ்கிடுச்சு. மழை என் கையில இல்ல, வடிகால வெட்டாம விட்டது என் கையில இருந்தது. இப்ப போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.கிட்ட காட்டணும்." நடுவில் உள்ள வரியை நேர்மையாக எழுதுவதுதான் கடினம். சிலர் முழுப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்வார்கள், சிலர் ஒரு துளியும் ஏற்க மாட்டார்கள். இரண்டிலும் அடுத்த தடவைக்கு எதுவும் மிஞ்சாது.

எல்லாவற்றுக்கும் இந்த முறை போதாது. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், அல்லது உள்ளே இருக்கும் குரல் செத்துவிடு என்கிற அளவுக்குப் போனால், வாக்கியம் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் அன்றைக்கே பக்கத்து வீட்டாரிடமோ மச்சானிடமோ கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டிய விஷயம் இல்லை இது.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று மட்டும். இன்றைக்கு நாம் வெளியே சொல்வது நாளைக்கு அவர்கள் உள்ளே சொல்லிக்கொள்வது. "ஒனக்குக் கணக்கு வராது" என்பதற்குப் பதில் "எந்த வரி வரைக்கும் புரியுது, சொல்லு" என்று கேட்டுப் பழகுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

இரண்டு வாரம் ஒரே வாக்கியம். அதற்குப் பிறகு "எப்படி உணர்கிறேன்" என்று கேட்காதீர்கள், அது நாளுக்கு நாள் மாறும். வேலையை எண்ணுங்கள்: எத்தனை தடவை வங்கிக்குள் போனீர்கள், மாதிரித் தேர்வில் எத்தனை கேள்வி தொடாமல் நின்றது, கூட்டத்தில் நாலில் எத்தனை சொன்னீர்கள். எண்ணிக்கை நகர்ந்திருந்தால் பயம் அப்படியே இருந்தாலும் வாக்கியம் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். பயம் பொதுவாகப் பின்னால்தான் குறையும். நகரவில்லை என்றால் முதலில் வாக்கியத்தை இன்னும் ஒரு படி சின்னதாக்குங்கள். அப்போதும் நகராவிட்டால் குறை பேச்சில் இல்லை, தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது: கடன் படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் இருக்கலாம், சதவீதக் கணக்கு அடிப்படையிலேயே விட்டுப்போயிருக்கலாம். அதைத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி அடுத்த வரியை எடுங்கள்.